அடகில் ஒரு சான்றிதழ்

பள்ளி இறுதிச் சான்றிதழை பாலுப்பி தன் கையாலேயேதான் கொடுத்தாள். யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. பதினோரு இடங்களில் விண்ணப்பித்துவிட்டுப் பன்னிரண்டாவது இடத்தில் வேலை கிடைத்த நாள் அது. அப்போது அவளுக்கு இருபது வயது. சுரபாயாவை ஒட்டிய வாரு நெடுஞ்சாலையில் டைல்ஸும் வாஷ்பேசினும் விற்கிற பெரிய கடை. மேலாளர் ரினி அம்மாள், எல்லோருக்கும் பு ரினி, அந்தத் தாளை இரண்டு கைகளாலும் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கணக்கில் நல்ல மதிப்பெண் என்றார். பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்த இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"இங்க பத்திரமா இருக்கும், எம்பாக். வீட்டுல வெச்சா கரையான் அரிக்கும், வெள்ளம் வந்தா நனஞ்சு போகும்." எம்பாக் என்றால் அக்கா; அங்கே இளம்பெண்கள் எல்லோருமே எம்பாக்தான்.

பாலுப்பிக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. சிடோஆர்ஜோவில் அவள் அம்மாவின் வீட்டில் வருடத்துக்கு இரண்டு தடவை முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறும்.

கடையில் முப்பத்திரண்டு பேர். அலமாரியில் முப்பத்திரண்டு சான்றிதழ்கள். ஒப்பந்தக் காலம் இரண்டு வருடம். அது முடிந்து விலகினால் சான்றிதழைச் சும்மா வாங்கிக்கொள்ளலாம். நடுவில் விலகினால் மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளலாம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். ஆனால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற நாள் நோன்புப் பெருநாளுக்கு முந்தைய வாரம். போனஸ் உறையை மேஜைமேல் வைத்து, வாங்கிக்கொண்டதாக ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். அதற்கு அடியில் இன்னொரு தாள் இருக்கும். பெருநாள் வருடா வருடம் பத்துப் பதினோரு நாள் முன்னால் வந்துவிடும். ஒப்பந்தமோ சுவர் நாட்காட்டியின்படி ஓடுவது. அதனால் பழையது முடிய இருபது நாள் இருக்கும்போதே புதியது தொடங்கிவிடும். இதை பாலுப்பி கண்டுபிடிக்க ஐந்து வருடமானது. ஏழரை வருடத்தில் அவள் ஒப்பந்தமில்லாமல் ஒரு நாள்கூட இருந்ததில்லை.

போனஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம்தான். பெருநாளுக்கு வெறுங்கையோடு அம்மாவிடம் போய் நிற்கத் தைரியம் உள்ளவர்கள் அதைச் செய்யலாம்.

இப்போது அவளுக்கு இருபத்தேழு. ஆகஸ்ட் பதினான்காம் தேதி இருபத்தெட்டு. அந்த ஊரில் அது ஒரு சுவர். எந்த வேலை விளம்பரத்தை எடுத்தாலும் மூன்றாவது வரியில் வயது இருக்கும். இருபத்தைந்துக்குள், இருபத்தாறுக்குள், தாராள மனசுக்காரர்களாக இருந்தால் இருபத்தெட்டுக்குள். அதற்கு மேலே விளம்பரமே கிடையாது. அதற்கு மேலே உள்ளவர்கள் இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும், அல்லது சாலையோரத்தில் கீரையும் கடலைச் சாந்தும் போட்ட பெச்செல் சோறு விற்க வேண்டும்.

கிரேசிக்கில் நூடுல்ஸ் தொழிற்சாலையில் கிடங்குக் கணக்கு எழுத ஆள் எடுக்கிறார்கள் என்று ஜூன் மாதம் சொன்னவள் விந்தி. எட்டு பேருக்கு ஒரே கழிப்பறை உள்ள வாடகை அறைகளில் அடுத்த கதவு. சந்து முனையிலிருந்த சிறுபல்பொருள் அங்காடியில் கல்லாவில் நிற்பவள்.

"ஒரு வருஷத்துல நிரந்தரமாம். அரசாங்கம் சொன்ன சம்பளத்த முழுசா தர்றாங்களாம். வயசு இருபத்தெட்டு ஆகியிருக்கக் கூடாதாம். உனக்குன்னே போட்ட மாதிரி இருக்கு, லுப்பி."

"எனக்குன்னு போட்டிருந்தா நாப்பதுன்னு போட்டிருப்பாங்க."

விண்ணப்பம் கைபேசியில் நிரப்ப வேண்டியது. பத்தொன்பது பக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரும் விந்தியின் அறையில் மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்தார்கள். முதல் பக்கத்தில் பெயர், முகவரி, உயரம், எடை. இரண்டாம் பக்கத்தில் வாழ்க்கைக் குறிப்பைப் படமாக ஏற்றச் சொன்னது. ஏற்றினாள். மூன்றாம் பக்கத்திலிருந்து எட்டாம் பக்கம் வரை, அந்த வாழ்க்கைக் குறிப்பில் இருந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் திரும்பத் தட்டச்சு செய்யச் சொன்னது. அப்பாவின் படிப்பு, அப்பாவின் வேலை, அப்பா உயிரோடு இல்லையென்றால் எந்தத் தேதியிலிருந்து. ஒன்பதாம் பக்கத்தில் திருமணம் ஆகவில்லை என்றும் இரண்டு வருடத்துக்கு ஆகாது என்றும் உறுதிமொழி.

"இதுல மட்டும் எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல" என்றாள் பாலுப்பி.

"அப்படிச் சொல்லாத. டைல்ஸ் வாங்க வர்றவன்ல ஒருத்தன்கூடவா உன்னப் பாக்கல?"

"டைல்ஸ் வாங்க வர்றவன் எல்லாம் கல்யாணம் ஆனவன். பொண்டாட்டி கலர் சொல்லுவா, அவன் தலையாட்டுவான்."

பதினான்காம் பக்கத்தில் ஒரு கேள்வி: நெருக்கடியான நேரத்தில் நீங்கள் தலைமை தாங்கிய ஒரு சம்பவத்தை ஐந்நூறு எழுத்துகளுக்குக் குறையாமல் விவரிக்கவும்.

பாலுப்பி கைபேசியை விந்தியின் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"போன மாசம் கக்கூஸ் அடச்சிக்கிச்சே" என்றாள் விந்தி. "எட்டு பேரும் மூக்கப் பொத்திக்கிட்டு நின்னோம். நீதான மூங்கில் எடுத்துட்டு வந்த. அத எழுது."

"நூடுல்ஸ் கம்பெனிக்கா?"

"மூங்கில்னு போடாத. உபகரணம்னு போடு."

இருவரும் சிரித்து முடிப்பதற்குள் திரை வெள்ளையாகிவிட்டது. நேரம் கடந்துவிட்டது, மீண்டும் உள்நுழையவும் என்று வந்தது. முதல் பக்கம். பெயர், முகவரி, உயரம், எடை.

இரண்டாவது முறை முடிக்கும்போது மதியத் தொழுகைக்கான பாங்கு முடிந்து சந்தில் மீன் பொரிக்கும் வாசனை வந்துவிட்டது. கடைசிப் பக்கம் புகைப்படத்தைத் திருப்பி அனுப்பியது. பின்னணி சிவப்பாக இருக்க வேண்டுமாம். அந்த நாட்டில் இரட்டைப்படை வருடத்தில் பிறந்தவர்களுக்கு நீலப் பின்னணி; அடையாள அட்டையிலிருந்து எல்லாவற்றிலும் அவளுக்கு அதுதான். ஸ்டூடியோக்காரனிடம் ஓடினாள். அவன் நிமிராமல் ஒரு பொத்தானை அழுத்திச் சிவப்பாக்கினான். இன்னொரு பொத்தானை அழுத்தி அவளுக்குக் கறுப்புக் கோட்டு மாட்டிவிட்டான். அந்தக் கோட்டில் அந்தத் தெருவில் வேலை தேடியவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். கழுத்துக்கு மேலேதான் ஆள் மாறும்.

ஜூலை இரண்டாவது வாரம் சுரபாயாவில் ஒரு கல்யாண மண்டபத்தில் உளவியல் தேர்வு. கடையில் வயிற்றுப்போக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள். நானூறு பேர் இருந்தார்கள், எல்லோரும் வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. மேடையில் முந்தைய நாள் கல்யாணத்தின் பிளாஸ்டிக் பூக்கள் இன்னும் இருந்தன. முதலில் எண் கூட்டல். செய்தித்தாள் அளவுக்குத் தாள், மேலிருந்து கீழாக எண்கள். அடுத்தடுத்து இருக்கும் இரண்டைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை மேஜையைத் தட்டுவார்கள், அடுத்த வரிசைக்குத் தாவ வேண்டும். நாற்பத்தைந்து வரிசை. பில் போட்டுப் போட்டுப் பழகிய கை அவளுக்கு. அது தானாகவே ஓடியது.

அதற்குப் பிறகு மரம் வரைய வேண்டும். இடைவேளையில் கழிப்பறை வரிசையில் அதைப் பற்றித்தான் பேச்சு.

"நீ என்ன மரம்?" என்று பின்னால் நின்ற பெண் கேட்டாள்.

"பலா. நீ?"

"ரம்புத்தான். வாழ, தென்னை, மூங்கில் போட்டா அவ்ளோதான். எங்க அண்ணன் தென்னை போட்டான். இன்னி வரைக்கும் ஒருத்தனும் கூப்பிடல."

"பழம் எத்தன போடுவ?"

"மூணு. அஞ்சுக்கு மேல போட்டா பேராசக்காரின்னு நெனப்பாங்களாம். பழமே போடலன்னா சோம்பேறியாம்."

"வேரு?"

"கொஞ்சமா. ரொம்பப் போட்டா பழசையே நெனச்சுட்டு இருக்கற ஆளாம்."

பாலுப்பிக்கு முன்னால் நின்றவள் திரும்பினாள். "மனுஷன் வரையறப்ப கையப் பின்னால மறைச்சு வரைஞ்சுடாதீங்க. திருடன்னு அர்த்தம்."

நானூறு பேரும் அன்று மூன்று பழங்களுள்ள மரத்தைக் கொஞ்சம் வேரோடு வரைந்தார்கள். கைகளை விரித்துச் சிரிக்கும் மனிதனை வரைந்தார்கள். பாலுப்பியின் பலாமரம் நன்றாக வந்தது. கிளைகளுக்கு நிழல் போடும்போது, எதற்காக இதை வரைகிறோம் என்பதுகூட ஒரு கணம் மறந்துபோனது.

தேர்ச்சி பெற்றவர்கள் அறுபது பேர். அதில் அவள் பெயர் இருந்தது. நேர்காணலைக் கைபேசித் திரையில் நடத்தினார்கள். பேசியவன் ரேஸா என்ற பையன். அவளைவிட நான்கு வயதாவது இளையவன். ஆனாலும் அவள் "பாக்", அதாவது ஐயா, என்றுதான் அழைத்தாள். மதிய உணவு நேரத்தில், கடையின் பின்பக்கம் உடைந்த டைல்ஸ் குவியலுக்கு அருகில் நின்றுகொண்டு பேசினாள். திரையில் தெரிய வேண்டிய சுவரை முந்தைய நாளே துடைத்து வைத்திருந்தாள்.

"உங்க பலவீனம் என்ன, எம்பாக்?"

"எதையும் ரொம்பக் கச்சிதமா செய்யணும்னு நெனப்பேன், பாக். அதனால சில சமயம் நேரம் ஆயிடும்."

ரேஸா கொட்டாவியை அடக்கினான். "அஞ்சு வருஷம் கழிச்சு உங்கள எங்க பாக்கறீங்க?"

பாலுப்பி அதற்கும் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னாள். உண்மையில் ஐந்து வருடம் கழித்து அவள் கண்ணுக்குத் தெரிந்தது அந்த உடைந்த டைல்ஸ் குவியல்தான். அதே இடம், இன்னும் கொஞ்சம் உயரம்.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி தகவல் வந்தது. பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் கட்டாயம். நகல், முத்திரையிட்ட நகல், ஏற்கப்படாது.

விந்தி கட்டிப்பிடித்துக் குதித்தாள். பாலுப்பி குதிக்கவில்லை. அவளுக்கு இரும்பு அலமாரியின் சாவிக்கொத்து நினைவுக்கு வந்தது. அது பு ரினியின் இடுப்பில் இருக்கும், நடக்கும்போது சத்தம் வரும்.

மறுநாள் பு ரினியின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"பு, என் சான்றிதழ் ஒரு நாளைக்கு வேணும். மாலைக் கல்லூரில சேரலாம்னு இருக்கேன். அசலைக் காட்டணுமாம்."

பு ரினி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "படிப்பா? இந்த வயசுலயா? நல்லதுதான்." இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "உனக்கு நடைமுறை தெரியுமில்ல? இங்க வேலை பாக்கற யாராவது ஜாமீன் நிக்கணும். அவங்க பைக்கோட உரிமைப் புத்தகத்த இங்க வெக்கணும். சாயங்காலம் நாலரைக்குள்ள சான்றிதழ் உள்ள வந்தா, புத்தகம் வெளிய போகும். வரலன்னா நீ மூணு மாசச் சம்பளம் கட்டி முடிக்கற வரைக்கும் புத்தகம் இங்கதான்."

"சரி, பு."

"யாரு நிப்பாங்க உனக்கு?"

அதுதான் கேள்வி. முப்பத்தொரு பேரையும் மனசுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தாள். பாதிப் பேரிடம் பைக் இல்லை. மீதிப் பாதியில் பெரும்பாலோரின் புத்தகம் ஏற்கெனவே கடன் கொடுத்தவர்களிடம் இருந்தது. கடைசியில் கிடங்குக்குப் போனாள்.

தர்மாஜிக்கு நாற்பத்தொன்று. பளு தூக்கும் வண்டி ஓட்டுபவர், கடையில் எல்லோருக்கும் மாஸ், அண்ணன். பதினாறு வருடமாக இருக்கிறார். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடையிலிருந்து கிளம்பினால், இரவு வரை அதே பைக்கில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பார். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். அவர் வண்டியை நிறுத்திவிட்டு, அவள் சொல்வதை முழுதும் கேட்டார்.

"காலேஜ் எந்த ஊர்ல?"

"கிரேசிக்ல, மாஸ்."

"கிரேசிக்ல சிமென்ட்டும் நூடுல்ஸும்தான பண்றாங்க. காலேஜ் எப்பத் தொறந்தாங்க?"

அவர் சிரித்தார். தொண்டையில் சிகரெட் கரகரப்பு.

"எத்தன பேரு வந்திருப்பாங்க அதுக்கு?"

"நானூறு. இப்ப அறுபது."

"மரம் வரஞ்சியா?"

"பலா."

"நா அந்தக் காலத்துல வாழ வரஞ்சேன். ஒருத்தனும் சொல்லித் தரல. அதான் இங்க வந்து சேந்தேன்." கையுறையைக் கழற்றி உதறினார். "அன்னிக்குக் காலைல புத்தகம் கொண்டு வர்றேன். போ."

"நா நாலு மணிக்குள்ள வந்துடுவேன், மாஸ்."

"வந்தா ஒதப்பேன். வேல கெடச்சா அங்கயே சேரு. மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமாக் கட்டு. கட்டி முடிக்கற அன்னிக்கு நா என் புத்தகத்த வாங்கிக்கறேன். அந்தப் புத்தகம் என்ன எனக்குச் சோறா போடுது? அலமாரில தூங்கட்டும்."

அவர் சொன்னது சரியான கணக்குதான். புது இடத்தில் சம்பளம் அதிகம். சிக்கனமாக இருந்தால் ஒன்பது மாதத்தில், அதிகம் போனால் ஒரு வருடத்தில் கட்டிவிடலாம். அன்று இரவு பாலுப்பி பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

பன்னிரண்டாம் தேதி காலை எட்டு மணிக்கு அலமாரி திறந்து, தர்மாஜியின் புத்தகம் உள்ளே போனது. ஏழரை வருடத்துக்குப் பிறகு அந்தத் தாள் அவள் கைக்கு வந்தது. புகைப்படத்தில் இருந்த பெண்ணுக்குக் கன்னம் உப்பியிருந்தது. அவள் எதையோ சொல்ல வாயெடுத்தவள் மாதிரி இருந்தாள். வியாபாரக் கணக்கில் எண்பத்தொன்பது. பாலுப்பி எண்பத்தாறு என்றுதான் இத்தனை நாள் எல்லா விண்ணப்பத்திலும் எழுதிவந்தாள்.

பேருந்து நிலையம் வரை தர்மாஜி கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் முன்னால் போகிறவர்களைத் திட்டிக்கொண்டே ஓட்டினார். இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றிக் கொடுக்கும்போதுதான் அவள் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். எண் பலகையின் அடியில், எல்லா வண்டிகளிலும் இருப்பதுபோல, அந்தப் பலகை காலாவதியாகும் மாதமும் வருடமும் பொறித்திருந்தன. ஒன்பதாம் மாதம். இந்த வருடம். அடுத்த மாதம் பலகையைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு அந்தப் புத்தகத்தின் அசலைக் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் பைக்கைத் தெருவில் இறக்க முடியாது. சாலைக்குச் சாலை போலீஸ் நிற்கிறது.

"மாஸ், பலகை..."

"என்ன பலகை? பஸ்சு போவுது பாரு. ஓடு."

அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

தொழிற்சாலையில் குளிரூட்டிய அறை. சுவரில் சிரிக்கும் ஆட்களின் பெரிய படம். அதன் கீழே, நாங்கள் ஒரு குடும்பம் என்று எழுதியிருந்தது. முப்பது பேர் மடிமேல் பழுப்பு உறையோடு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. மதியம் இரண்டு மணிக்கு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் ரேஸா. நேரில் இன்னும் சின்னப் பையனாக இருந்தான். கழுத்தில் அடையாள அட்டை.

சான்றிதழை வாங்கி, தடவிப் பார்த்து, ஊதா விளக்கின் கீழே காட்டினான்.

"நல்லா வெச்சிருக்கீங்களே, எம்பாக். புதுசு மாதிரியே இருக்கு."

"வெளிச்சம் படாம இருந்துச்சு, பாக்."

"எல்லாம் சரியா இருக்கு. வாழ்த்துகள். ஒண்ணாந்தேதி சேரலாம்." அவன் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினான். சான்றிதழைத் தன் பக்கம் இருந்த பெட்டியில் வைக்கப் போனான். "இது எங்ககிட்ட இருக்கட்டும். இங்க ஒரு கையெழுத்து."

பாலுப்பிக்கு முதலில் புரியவில்லை. "இல்ல, பாக், சரிபார்ப்புன்னுதான போட்டிருந்தீங்க?"

"சரிபார்த்தாச்சு. இனி கம்பெனி வெச்சிருக்கும். ரெண்டு வருஷத்துக்கு. பயிற்சி குடுத்து ஆளத் தயார் பண்ணினதும் ஓடிடறாங்க, அதுக்காக."

"நா நாளைக்குக் கொண்டுவந்து குடுக்கட்டுமா?"

நாளைக்கு அது தன் கையில் இருக்காது என்று தெரிந்தே கேட்டாள். ஒரு நிமிடம் தள்ளிப்போட வேறு வழி தெரியவில்லை.

"இன்னிக்கு வெக்காதவங்க விலகிட்டதா சிஸ்டம் எடுத்துக்கும். அடுத்த ஆளுக்குப் போயிடும்."

அவள் அந்தத் தாளைப் பார்த்தாள். படித்துப் பார்க்கத் தேவையில்லாத தாள்தான். அவள் ஐந்து வருடம் கழித்துக் கண்டுபிடிக்கப்போகிற ஏதோ ஒன்று அதிலும் இருக்கும். இருந்தாலும் கையெழுத்துப் போட்டுவிடலாம். சம்பளம் அதிகம். நிரந்தரம். ஒரு அலமாரியிலிருந்து இன்னொரு அலமாரி, ஆனால் இது பெரிய அலமாரி. பேனாவைக் கையில் எடுத்தாள். எடுத்ததும் எண் பலகைதான் கண்ணில் நின்றது. ஒன்பதாம் மாதம். ஒன்பது மாதமோ ஒரு வருடமோ தர்மாஜி ராத்திரிச் சாப்பாட்டை நடந்துபோய்க் கொடுக்க முடியாது. அதை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரோடு சண்டை போட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கலாம்.

"மன்னிச்சுக்குங்க, பாக். இது எனக்கு இன்னிக்கு வேணும். நாலரைக்கு."

ரேஸா நிமிர்ந்து பார்த்தான். பின்னால் காத்திருப்பவர்களுக்குக் கேட்காமல் குனிந்து பேசினான்.

"எம்பாக், உங்க பொறந்த தேதியப் பாத்தேன். நாளன்னிக்கு..."

"தெரியும்."

"அதுக்கப்புறம் சிஸ்டம் உங்க பேர உள்ளயே விடாது. நா நெனச்சாலும் முடியாது."

"தெரியும், பாக்."

அவன் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அவளிடம் கொடுத்தான். கொடுத்துவிட்டு, மேலே கூரையைக் கண்ணால் காட்டினான். "என்னோடது மாடில இருக்கு. காலேஜ் பட்டம். மூணு வருஷமாச்சு." பிறகு குரலை உயர்த்தி அடுத்த பெயரைக் கூப்பிட்டான்.

திரும்பி வரும் பேருந்தில் அவளுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. மடியில் சான்றிதழ். இதை யாரிடமும் கொடுக்காமல் நேராக அம்மா வீட்டுக்குப் போய்விட்டால் என்ன என்று சிடோஆர்ஜோவுக்குப் போகும் சாலை பிரிகிற இடம் வரை யோசித்தாள். கையில் சான்றிதழ் இருக்கும். அதைக் கேட்பதற்கு ஒரு இடமும் இருக்காது. பேருந்து நேராகப் போனது. கைபேசி ஒலித்தது. தொழிற்சாலையிலிருந்து: எங்களிடம் விண்ணப்பித்த அனுபவம் உங்களுக்கு எப்படி இருந்தது? நட்சத்திரம் கொடுங்கள். அவள் இரண்டை அழுத்தினாள். காரணத்தை இருநூறு எழுத்துகளுக்குக் குறையாமல் எழுதச் சொல்லி ஒரு கட்டம் திறந்தது. மூன்று, நான்கு என்று மாற்றிப் பார்த்தாள். கட்டம் போகவில்லை. ஐந்தை அழுத்தியதும் மூடிக்கொண்டு நன்றி சொன்னது.

நாலே காலுக்கு வாருவில் இறங்கி, கடையை நோக்கி வேகமாக நடந்தாள். தூரத்திலேயே தெரிந்தது. கேட்டுக்கு வெளியே, நிழலே இல்லாத இடத்தில், தர்மாஜி சாலையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். லாரியைத் திருப்பிவிடும் சிவப்புக் கொடி கையில் இருந்தது. அவளைக் கண்டதும் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"லாரி வருதா, மாஸ்?"

"வரலாம்னு சொன்னாங்க."

அன்று லாரி எதுவும் கிடையாது. வரவேண்டிய லாரிகளின் பட்டியலைப் போடுவதே பாலுப்பிதான். அவர் சட்டை முதுகில் முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று கேட்கவில்லை.

"ஏன் வந்த?" என்றார் அவர், சாலையைப் பார்த்தபடியே.

"அங்கயும் அலமாரி இருக்கு, மாஸ்."

"இருந்தா என்ன? வெச்சுட்டு உக்கார வேண்டியதுதான. வந்தா ஒதப்பேன்னு சொன்னேனா இல்லையா?"

"ஒதைங்க."

அவர் உதைக்கவில்லை. கொடியைச் சுருட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தார்.

பு ரினி கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு இருபத்திரண்டு. சான்றிதழை உறையிலிருந்து எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, அலமாரியில் அகர வரிசைப்படி அதன் இடத்தில் சொருகினார்.

"நீ வர மாட்டேன்னுதான் நெனச்சேன்" என்றார் சிரித்துக்கொண்டே. "இவரு இன்னிக்கு மூணு தடவ வந்து மணி கேட்டாரு. சுவத்துலயே கடிகாரம் இருக்கு, கேக்கறாரு. காலேஜ்ல என்ன சொன்னாங்க?"

"வயசாயிடுச்சுன்னாங்க, பு."

"சரி விடு. படிச்சு என்ன ஆகப் போகுது. நாளைக்கு அர மணி முன்னாடி வந்துடு, ஸ்டாக் எடுக்கணும்."

தர்மாஜி யாரையும் பார்க்கவில்லை. பு ரினி மேல்தட்டிலிருந்து எடுத்து நீட்டிய பைக் புத்தகத்தை வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி எதுவும் குறையவில்லை என்று பார்த்தார். சட்டைக்குள்ளே செருகிக்கொண்டு பொத்தான்களைப் போட்டார். எல்லாவற்றையும் போட்டு முடித்த பிறகும் கையை நெஞ்சிலிருந்து எடுக்கவில்லை. பாலுப்பி தன் மேஜைக்குப் போய், அன்று அவள் இல்லாததால் சேர்ந்துபோன பில்களை முன்னால் இழுத்துக்கொண்டாள்.